ஹவுசிங் ஃபைனான்ஸ் பாலிசி அனலிஸ்ட் வேலை: அடிக்கடி கேக்குற கேள்விகள்

எம்.ஏ எகனாமிக்ஸ் முடிக்கப் போற பசங்க மாசத்துக்கு நாலஞ்சு பேராவது மெசேஜ் போட்டு ஒரே கேள்விகளைத் தான் கேக்குறாங்க, தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் திண்டுக்கல் பக்கம், படிச்சது சென்னை, இந்த ஃபீல்டுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல்ல ஒரு ஆராய்ச்சி நிறுவனம், நடுவுல மும்பைல ஒரு ரேட்டிங் கம்பெனி (வாங்குன கடனை ஒரு கம்பெனி திருப்பிக் கட்டுமான்னு மதிப்பெண் போடுற இடம்), இப்ப திரும்பவும் ஆராய்ச்சி. கீழ இருக்குறது எல்லாம் இந்திய நிலவரம் தான்.

அக்கா, இது வீட்டு லோன் வாங்கித் தர்ற வேலையா?

எங்க பெரியம்மா இன்னைக்கு வரைக்கும் அப்படித் தான் நெனச்சிட்டு இருக்காங்க, எந்த கல்யாணத்துல பாத்தாலும் "உங்க பேங்க்ல வட்டி இப்ப எவ்ளோம்மா"ன்னு தான் ஆரம்பிப்பாங்க. லோன் குடுக்குறவங்க வேற. நாங்க பாக்குறது லோனுக்குப் பின்னாடி இருக்குற ரூல்ஸை. ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரைக்கும் கடன் குடுக்கலாம், வட்டி எதை வச்சு ஏறி எறங்கணும், அரசு மானியம் யார் கைக்குப் போய்ச் சேருது, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கவுந்தா அது யார் தலையில விழும், இந்த மாதிரி.

ஒரு சின்ன கணக்கு சொல்றேன். ஆர்பிஐ ரூல் படி 30 லட்சம் வரைக்குமான லோனுக்கு வீட்டு மதிப்புல 90% வரை குடுக்கலாம், 30ல இருந்து 75 லட்சம் வரைக்கும் 80%, அதுக்கு மேல 75%. இப்ப தமிழ்நாட்டுல ஒருத்தர் 40 லட்சத்துக்கு ரீசேல்ல ஒரு பழைய ஃபிளாட் வாங்குறார்னு வைங்க. பேங்க் அதிகபட்சம் 32 லட்சம் தரும், மிச்சம் 8 லட்சம் கைக்காசு. அதோட முடிஞ்சுதா? இல்ல, முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, முழு மதிப்புக்கும் பத்திரம் போட்டா அது ஒரு 3.6 லட்சம், 10 லட்சத்துக்கு மேல விலை இருக்குற வீட்டுக்கு இந்தச் செலவை வீட்டு மதிப்போட சேத்து லோன் கணக்கு போடக்கூடாதுன்னு ரூல். ஆக 11.6 லட்சம் கையில இருந்து வரணும். அந்த 11.6 எங்கிருந்து வருது? நகையை வைக்கிறாங்க, சீட்டை தள்ளி எடுக்குறாங்க, பி.எஃப்ல எடுக்குறாங்க, மச்சான் கிட்ட கைமாத்து. இதுல எதுவும் ஹவுசிங் லோன் டேட்டாவுல தெரியாது. பேங்க் ரிப்போர்ட்டுல அவர் 80% கடன் வாங்குன பத்திரமான கஸ்டமர், நிஜத்துல வீட்டு விலைக்கு மேலயே கூட கடன் இருக்கலாம். இதைப் புடிச்சு இழுத்துப் பாக்குறது தான் நம்ம வேலை.

அஃபோர்டபிள் ஹவுசிங்னா என்ன லிமிட்? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு நம்பர் வருதே?

நல்லா கவனிச்சிருக்கீங்க, ஏன்னா ஒரே டெஃபினிஷன் கிடையாது. ஜிஎஸ்டிக்கு 45 லட்சம் விலைக்குள்ள, மெட்ரோவுல 60 சதுர மீட்டர், மத்த ஊர்ல 90 சதுர மீட்டர் கார்பெட் ஏரியா இருந்தா அஃபோர்டபிள், அதுக்கு வரி 1%, இல்லன்னா 5%. பேங்க்குகளோட ப்ரையாரிட்டி செக்டர் (சில துறைங்களுக்கு இவ்வளவு கடன் குடுத்தே ஆகணும்ங்குற ரூல்) கணக்குல 2025 ஏப்ரல்ல இருந்து 50 லட்சம் பேருக்கு மேல இருக்குற ஊர்ல 50 லட்சம் வரைக்குமான லோன், சின்ன ஊர்ல 35 லட்சம். பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0 வட்டி மானியத்துக்கு வீட்டு விலை 35 லட்சம், லோன் 25 லட்சம், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சத்துக்குள்ள. ஒரே வீடு ஒரு ஆபீஸ்ல அஃபோர்டபிள், பக்கத்து ஆபீஸ்ல இல்ல. அதனால யாராவது மீட்டிங்ல "அஃபோர்டபிள் செக்மென்ட் 20% வளந்துச்சு"ன்னு சொன்னா நீங்க வாயைத் திறந்து கேக்க வேண்டிய முதல் கேள்வி எந்த அஃபோர்டபிள் சார்னு தான். கொஞ்சம் முறைப்பாங்க, பரவால்ல.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

பாதி நாள் சர்க்குலர் படிக்கிறது, பாதி நாள் எக்ஸல். கேக்க மொக்கையா இருக்கும், ஆனா நடுவுல சில நாள் தூக்கி வாரிப் போடும். எனக்கு அப்படி ஒண்ணு 2023ல.

2020 மே மாசம் ரெப்போ ரேட் (பேங்க்குங்களுக்கு ஆர்பிஐ கடன் குடுக்குற வட்டி) 4%, அப்படியே ரெண்டு வருஷம் இருந்துச்சு. 2022 மே மாசத்துல இருந்து ஏத்த ஆரம்பிச்சு 2023 பிப்ரவரிக்குள்ள 6.5% ஆக்கிட்டாங்க. 2019 அக்டோபர்ல இருந்து பேங்க்குங்க குடுக்குற ஃப்ளோட்டிங் (வட்டி ஏறி எறங்குற) வீட்டு லோன் எல்லாம் ரெப்போ மாதிரி பேங்க் கையில இல்லாத ஒரு வெளி அளவுகோலோட, அதாவது பெஞ்ச்மார்க்கோட, கட்டித் தான் இருக்கணும், அதனால இந்த 2.5% அப்படியே ஜனங்க மேல இறங்குச்சு. இப்ப 7% வட்டிக்கு 30 லட்சம், 20 வருஷம்னு ஒருத்தர் எடுத்திருந்தா ஈஎம்ஐ 23,259 ரூபா. ஒரு வருஷம் ஒழுங்கா கட்டுறார், அசல் 29.29 லட்சம் கிட்ட வந்து நிக்குது. அந்த நேரம் வட்டி மொத்தமா 9.5% ஆயிடுச்சுன்னு வைங்க (நிஜத்துல படிப்படியா ஏறுச்சு, கணக்கு ஈஸியா இருக்கட்டும்னு ஒரே தாவலா வச்சிருக்கேன்). மாச வட்டி மட்டும் 23,185. ஈஎம்ஐ மாத்தாம விட்டா அவர் கட்டுற 23,259ல அசலுக்குப் போறது 74 ரூபா. எழுபத்தி நாலு. ஒரு சினிமா டிக்கெட் கூட வராது.

ஆனா அவருக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா அக்கவுன்ட்ல இருந்து மாசாமாசம் அதே 23,259 தான் போகுது, பல பேங்க்குல வட்டி ஏறுனா ஈஎம்ஐயைத் தொடாம வருஷத்தை இழுத்து விட்டுட்டாங்க. இந்த ஷீட்டை முதல்ல போட்டப்ப நான் ஃபார்முலா தப்புன்னு நெனச்சு மூணு தடவை அழிச்சுப் போட்டேன். தப்பு இல்ல.

நாம போடுற ரிப்போர்ட்டை யாராவது படிக்கிறாங்களா?

பெரும்பாலும் இல்ல, ஆனா அப்பப்ப ஒண்ணு போய்ச் சேரும். மேல சொன்ன விஷயத்துலயே 2023 ஆகஸ்ட் 18 அன்னைக்கு ஆர்பிஐ ஒரு சர்க்குலர் விட்டுச்சு, வட்டி மாறும்போது ஈஎம்ஐ ஏத்தணுமா வருஷத்தை நீட்டணுமா ரெண்டும் கலந்தா, இல்ல ஃபிக்ஸட் ரேட்டுக்கு மாறணுமான்னு கடன் வாங்குனவர் கிட்ட கேக்கணும், நீட்டுறதால அசல் குறையாம ஏறிக்கிட்டே போற நிலைமை வரக்கூடாதுன்னு. அது என் ஷீட்டைப் பாத்து வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன், நாட்டுல அம்பது பேராவது அதே கணக்கைப் போட்டிருப்பாங்க. பாலிசி வேலைல உங்க பேரு எங்கயும் இருக்காது, அதை ஏத்துக்க முடியாதவங்க வேற வேலை பாக்குறது நல்லது.

எவ்வளவு மெதுவா நகரும்னு தெரியணும்னா வட்டி கதையையே எடுத்துக்கோங்க. முதல்ல பிபிஎல்ஆர்னு ஒண்ணு இருந்துச்சு, 2010 ஜூலைல பேஸ் ரேட், 2016 ஏப்ரல்ல எம்சிஎல்ஆர், மூணுமே பேங்க் தானே கணக்கு போட்டு வைக்கிற அடிப்படை வட்டி. ஒவ்வொரு தடவையும் "ஆர்பிஐ குறைச்சா ஜனங்களுக்கும் குறையும்"னு தான் சொல்லி ஆரம்பிச்சாங்க, பேங்க்குங்க ஏத்தும்போது வேகமா ஏத்தி எறக்கும்போது யோசிச்சு யோசிச்சு எறக்குச்சு. 2017ல ஜனக் ராஜ் தலைமையில ஒரு ஸ்டடி குரூப் உக்காந்து பேங்க் கையில இருக்குற பெஞ்ச்மார்க்கே வேணாம், வெளில இருந்து ஒண்ணு வைங்கன்னு சொன்னது, அது நடைமுறைக்கு வந்தது 2019 அக்டோபர். அதுலயும் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிங்க (ஹெச்எஃப்சி, பேங்க் இல்லாம வீட்டு லோனுக்குன்னே இருக்குற கம்பெனிங்க) வரல. பேங்க்ல வாங்குனவனுக்கு ஒரு நியாயம், ஹெச்எஃப்சில வாங்குனவனுக்கு வேற. ஆட்டோ ஓட்டுறவரு, டெய்லர், டிபன் கடைக்காரர் எல்லாம் எங்க வாங்குறாங்க? ஹெச்எஃப்சில தான்.

என்ன படிக்கணும்?

எகனாமிக்ஸ்ல பிஜி இருந்தா நேர் ரூட். சென்னையில மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், வெளில டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பைல ஆர்பிஐ ஆரம்பிச்ச இந்திரா காந்தி இன்ஸ்டிட்யூட், புனேல கோகலே, ஐஎஸ்ஐ. காலேஜ் பேரை விட எகனாமெட்ரிக்ஸ் பேப்பர்ல நீங்க நிஜமாவே எதாவது கத்துக்கிட்டீங்களாங்குறது முக்கியம். சிவில் இன்ஜினியரிங், டவுன் பிளானிங், சட்டம் படிச்சிட்டு வந்தவங்களும் நல்லா பண்றாங்க, அதுலயும் சட்டம் படிச்சவங்களுக்கு சர்ஃபேசி சட்டம் (கட்டாத கடனுக்கு அடமானச் சொத்தை பேங்க் எடுக்குறதுக்கானது), ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) எல்லாம் பயம் இல்லாம வரும். எனக்கு சர்ஃபேசில ஒரு வரி புரிய ரெண்டு நாள் ஆகும்.

இன்னொண்ணு, யாரும் சிலபஸ்ல வைக்க மாட்டாங்க. ஒரு பத்திரத்தைப் படிக்கக் கத்துக்கோங்க. தாய்ப்பத்திரம்னா என்ன, வில்லங்கம் எத்தனை வருஷத்துக்கு எடுக்குறாங்க, பட்டா யார் பேர்ல இருக்கு, லேஅவுட் டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவலா இல்லையா, எம்ஓடி (பத்திரத்தை பேங்க்ல அடமானமா வைக்கிறதுக்கான பதிவு) ஏன் போடுறாங்க. டெல்லில உக்காந்து "லேண்ட் டைட்டில் ப்ராப்ளம்"னு மூணு வார்த்தையில தாண்டிப் போறாங்களே, அது எங்க ஊர் சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல மர நிழல்ல ஃபைலோட உக்காந்திருக்குற ஆளோட மொத்த வாழ்க்கை.

கோடிங் தெரியணுமா?

புள்ளிவிவர சாஃப்ட்வேர்ல ஸ்டேட்டா இல்லன்னா ஆர் (R), ஏதாவது ஒண்ணு கை பழகியிருக்கணும், எக்ஸல் எப்படியும். பைத்தான் தெரிஞ்சா சந்தோஷம்.

ஆனா கோடிங்கை விட டேட்டாவை எப்படி எடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்கிறது தான் கஷ்டம். தேசிய மாதிரி ஆய்வோட கடன் முதலீட்டு சர்வே 2019ல எடுத்தது, 77வது ரவுண்ட், இலவசமாவே டவுன்லோட் பண்ணலாம். திறந்து பாத்தா வெறும் நம்பர் நம்பரா ஓடும், எந்த இடத்துல இருந்து எந்த இடம் வரைக்கும் எந்த கேள்வியோட பதில்னு தனி ஃபைல் பாத்து வெட்டணும், அப்புறம் மல்டிப்ளையர் (சர்வேல வந்த ஒரு குடும்பம் நாட்டுல எத்தனை குடும்பத்துக்குச் சமம்ங்குற நம்பர்) போட்டு பெருக்கணும். புதுசா வர்ற பசங்க பத்துல ஏழு பேர் மல்டிப்ளையரை மறந்துட்டு சராசரி எடுத்துட்டு வந்து நிப்பாங்க. நானும் நின்னவ தான்.

வீட்டு விலைக்கும் ரெண்டு இன்டெக்ஸ் இருக்கு, ஆர்பிஐ போடுறது பதிவுத்துறையில பதிவான மதிப்பை வச்சு, நேஷனல் ஹவுசிங் பேங்க்கோட ரெசிடெக்ஸ் 2007ல ஆரம்பிச்சது, அதுல ஒரு வகை லோன் குடுக்குறவங்க பண்ற வேல்யுவேஷனை வச்சு. ரெண்டும் ஒரே ஊருக்கு வேற வேற கதை சொல்லும். தமிழ்நாட்டுல 2017 ஜூன்ல வழிகாட்டி மதிப்பை 33% குறைச்சாங்க, அதே கையோட பதிவுக் கட்டணத்தை 1%ல இருந்து 4% ஆக்குனாங்க, 2023 ஏப்ரல்ல மதிப்பை பழைய நிலைக்குத் திருப்பி கட்டணத்தை 2% ஆக்குனாங்க. வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பத்திரம் போடுற ஊர்ல இந்த மாதிரி மாத்தம் வந்தா சந்தை விலை ஒரு ரூபா அசையலனாலும் பத்திரத்துல இருக்குற விலை அசையும். இது தெரியாம கிராஃபைப் பாத்து "சென்னையில விலை சரிவு"ன்னு தலைப்பு போடுறவங்களப் பாத்தா எரிச்சலா வரும்.

எங்கெல்லாம் வேலை கிடைக்கும்?

அரசு பக்கம் டெல்லில இருக்குற நேஷனல் ஹவுசிங் பேங்க், ஆர்பிஐ, ஹட்கோ, ஹவுசிங் அமைச்சகம், நிதி ஆயோக். வெளில என்ஐபிஎஃப்பி, என்சிஏஇஆர் மாதிரி ஆராய்ச்சி நிறுவனங்கள், பெங்களூர்ல ஐஐஹெச்எஸ், சென்னையில த்வாரா ரிசர்ச். கிரிசில், இக்ரா, கேர் மாதிரி ரேட்டிங் கம்பெனிங்க. அப்புறம் சென்னையிலயே தலைமையகம் வச்சிருக்குற ரெப்கோ ஹோம், சுந்தரம் ஹோம், ஆப்டஸ் மாதிரி ஹெச்எஃப்சிங்க, அங்க போறது பாலிசி வேலை இல்ல, ரிஸ்க் இல்லன்னா ஸ்ட்ராட்டஜி டீம்ல இருக்கும், ஆனா ரெண்டு வருஷம் அங்க இருந்துட்டு ஆராய்ச்சிக்கு வந்தவங்க பேசுறதே தனியா இருக்கும்.

பரீட்சை எழுதி உள்ள போறதுன்னா ரெண்டு. யுபிஎஸ்சி நடத்துற இந்தியன் எகனாமிக் சர்வீஸ் (ஐஇஎஸ்), 21ல இருந்து 30 வயசுக்குள்ள, எகனாமிக்ஸ்ல பிஜி வேணும், சீட்டு கம்மி, பல வருஷம் இருபதைச் சுத்தித் தான். இன்னொண்ணு ஆர்பிஐ கிரேடு பி டிஇபிஆர், எகனாமிக்ஸ் ஆளுங்களுக்குனே தனி ஸ்ட்ரீம். ரெண்டுலயும் நீங்க ஹவுசிங் தான் பாப்பேன்னு அடம் புடிக்க முடியாது, எந்த டிபார்ட்மென்ட்ல போடுறாங்களோ அங்க.

2008ல அமெரிக்காவுல வீட்டு லோன்ல ஆரம்பிச்சு எல்லாம் கவுந்துச்சே, அது இங்க நடக்குமா?

அதே மாதிரி நடக்காது. அங்க லோனைக் கட்டு கட்டா வித்தாங்க, இங்க அந்த சந்தை சின்னது, லோன் குடுத்தவங்களே பெரும்பாலும் கடைசி வரைக்கும் வச்சுக்குறாங்க, லோன் அளவுக்கு உச்சவரம்பும் இருக்கு. ஆனா நம்ம ஊர்ல நம்ம ஸ்டைல்ல ஒண்ணு நடந்துச்சு.

2018 செப்டம்பர்ல ஐஎல்எஃப்எஸ்னு ரோடு, பாலம் மாதிரி கட்டமைப்புக்குக் கடன் குடுக்குற ஒரு பெரிய கம்பெனி கவுந்துச்சு, அது வீட்டு லோன் கம்பெனியே இல்ல. ஆனா அதோட சந்தையில எல்லாரும் உஷாராயிட்டாங்க. ஹெச்எஃப்சிங்க பண்ணிக்கிட்டு இருந்தது என்னன்னா மூணு மாச, ஆறு மாச கடனா கமர்ஷியல் பேப்பர்ல வாங்கி, 15 வருஷம் 20 வருஷம்னு வீட்டு லோனா குடுக்குறது. புரியிற மாதிரி சொல்லணும்னா பக்கத்து வீட்டுல மூணு மாசக் கைமாத்து வாங்கி, தம்பிக்கு இருபது வருஷத்துல திருப்பித் தாடான்னு குடுக்குறது. பக்கத்து வீட்டுக்காரங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை "சரி வச்சுக்கோங்க"ன்னு சொல்ற வரைக்கும் ஓடும். ஒரு நாள் அவங்க வேணும்னு கேட்டுட்டா முடிஞ்சுது. டிஹெச்எஃப்எல்னு ஒரு பெரிய ஹெச்எஃப்சி 2019ல கட்ட முடியாம நின்னுச்சு, அதுல மோசடி புகாரும் சேந்துக்கிச்சு, நவம்பர்ல ஆர்பிஐ போர்டைக் கலைச்சிட்டு திவால் சட்டத்துக்குள்ள கொண்டு போச்சு, அந்தச் சட்டத்துல போன முதல் ஃபைனான்ஸ் கம்பெனி அது தான். 2021ல பிரமல் வாங்குனாங்க. அதுல டெபாசிட் போட்டு வச்சிருந்த ரிட்டயர்டு ஆளுங்க எத்தனை பேருக்கு முழுப் பணம் வரல. 2019 ஆகஸ்ட்ல ஹெச்எஃப்சிங்க மேல இருந்த ரெகுலேஷன் பவரை நேஷனல் ஹவுசிங் பேங்க் கிட்ட இருந்து ஆர்பிஐக்கு மாத்துனது இந்தக் காலத்துல தான். இன்டர்வியூவுல இதைக் கேப்பாங்க, தேதியோட தெரிஞ்சு வச்சுக்கோங்க.

நாட்டுல 2 கோடி வீடு பத்தாதுங்குறாங்க, ஆனா காலியாவும் கெடக்குதே?

எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி. 2012ல அமிதாப் குண்டு தலைமையில ஒரு டெக்னிக்கல் குரூப் நகரங்கள்ல 1.878 கோடி வீடு பற்றாக்குறைன்னு சொன்னாங்க. 2011 சென்சஸ்ல நகரங்கள்ல பூட்டிக் கெடந்த வீடு சுமார் 1.1 கோடி. ரெண்டையும் பக்கத்துல வச்சா பைத்தியம் புடிக்கிற மாதிரி இருக்கும்.

ஆனா அந்த 1.878 கோடிய உரிச்சுப் பாருங்க. ரோட்டுல இருக்குறவங்க அதுல சுமார் 5 லட்சம் தான். சுமார் 1.5 கோடி, அதாவது அஞ்சுல நாலு பங்கு, நெரிசல் கணக்கு, கல்யாணம் ஆன ஜோடிக்குன்னு தனி ரூம் இல்லாத குடும்பங்கள். இவங்களுக்கு ஒரு வீடு ஏற்கெனவே இருக்கு. அண்ணன் கல்யாணம் பண்ணி உள் ரூம்ல, தம்பி கல்யாணம் பண்ணி ஹால்ல ஸ்க்ரீன் போட்டு, அப்பா திண்ணையில. இவங்களுக்கு வேண்டியது ஊருக்கு வெளில முப்பது கிலோமீட்டர்ல ஒரு புது ஃபிளாட்டா, மேல ஒரு ரூம் எடுக்க ரெண்டு மூணு லட்சம் லோனா? மாடில ரூம் எடுக்க லோன் கேட்டா பட்டா கேப்பாங்க, பிளான் அப்ரூவல் கேப்பாங்க, அது இருக்காது. 2015ல பிரதமர் ஆவாஸ் யோஜனா ஆரம்பிச்சப்ப 2 கோடி வீடுன்னாங்க, அப்புறம் மாநிலங்கள் கொடுத்த டிமாண்டை வச்சு சுமார் 1.12 கோடிக்கு வந்துச்சு. அதுலயும் வட்டி மானியம் எப்படி வரும்? முதல்ல லோன் கிடைக்கணும், அப்புறம் தான் மானியம். லோனே கிடைக்காதவனுக்கு மானியமும் கிடையாது. சம்பள ஸ்லிப் இல்லாத ஆளைத் தான் இந்தத் திட்டத்துக்கு முதல்ல நெனச்சிருப்பாங்க, கடைசில வாசல்ல நிக்கிறதும் அவர் தான்.

ஃபீல்டுக்கெல்லாம் போகணுமா?

போங்க, யாரும் அனுப்பலனாலும் லீவு போட்டுப் போங்க. நான் ஒரு தடவை சேலம் பக்கம் ஒரு லோன் ஆஃபீசர் கூட போனேன். கஸ்டமர் ஒரு அம்மா, இட்லிக் கடை, வருமான சர்டிபிகேட், ஐடி ரிட்டர்ன் எதுவும் கிடையாது. இந்த லோன் ஆஃபீசர் பையன் காலைல ஆறரைக்குக் கடையில போய் உக்காந்துட்டான், ரெண்டு இட்லி வாங்கி ஒரு மணி நேரம் சாப்பிட்டான். எத்தனை பார்சல் போகுதுன்னு எண்ணுறான், மாவு வாளி எத்தனைன்னு பாக்குறான், கேஸ் சிலிண்டர் எத்தனை நாளைக்கு வருதுன்னு பேச்சுவாக்குல கேக்குறான், அரிசி வாங்குற மளிகைக் கடை நோட்டைப் பாத்துட்டு வந்தான். வெளில வந்து பைக் சீட் மேல பேப்பர் வச்சு மாச வருமானம் இவ்வளவுன்னு எழுதுனான். அந்த அம்மா கிட்ட கேட்டா "அவ்ளோவா வருது எனக்கு?"ன்னாங்க. லோன் கிடைச்சுது, ஆனா வட்டி பேங்க் வட்டியை விட அதிகம், ஏன்னா அந்தப் பையன் ஒரு மணி நேரம் இட்லி சாப்பிட்ட செலவு, அவனோட பெட்ரோல், எல்லாம் அதுல தான் இருக்கு. டெல்லில ஒரு பேப்பர்ல இதை ஒரே வரியில "அதிக ஆபரேட்டிங் காஸ்ட்"னு படிச்சிருக்கேன்.

மதுரை, திருச்சி பக்கம் போனீங்கன்னா ஒத்தி கேளுங்க. மூணு லட்சமோ அஞ்சு லட்சமோ ஓனர் கையில மொத்தமா குடுத்துட்டு வாடகை இல்லாம ரெண்டு மூணு வருஷம் இருந்துட்டு காலி பண்ணும்போது அதே பணத்தைத் திரும்ப வாங்குறது, சென்னையில போக்கியம், லீஸ்ம்பாங்க. இது வாடகை வீடா, கடனா? ரெண்டும் தான், குடியிருக்கிறவர் ஓனருக்கு வட்டிக்குப் பதிலா வீட்டை வாங்கிக்கிட்டு கடன் குடுக்குறார். கொரியாவுல இதையே ஜியோன்சேன்னு பண்றாங்க, அதுக்கு அங்க தனி லோன், தனி காப்பீடு, பக்கம் பக்கமா ஆராய்ச்சி. நம்ம ஊர்ல ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி பீரோவுல வச்சிடுறோம், ஓனர் அந்த வீட்டையே இன்னொரு பக்கம் அடமானம் வச்சா ஒத்திக்காரர் நிலைமை அம்போ. யாராவது இதுல நல்ல தீசிஸ் பண்ணுங்கப்பா, நான் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்கேன்.

நீங்க பெருசா சொதப்புனது உண்டா?

உண்டு. ரெண்டாவது வருஷம், ஹவுசிங் லோன் வழங்கல் எகிறியிருக்கு, ஆக வீடு வாங்குறவங்க எண்ணிக்கை கூடியிருக்குன்னு எட்டுப் பக்கம் எழுதி ஒரு பெரிய மீட்டிங்ல காட்டிட்டேன். கடைசி பெஞ்ச்ல இருந்து ரிட்டயர்டு பேங்கர் ஒருத்தர் மெதுவா "ஏம்மா, இதுல பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர் எவ்வளவு"ன்னு கேட்டார். வட்டி குறைஞ்ச வருஷம் அது, ஃப்ளோட்டிங் லோனை முன்கூட்டியே அடைச்சா அபராதம் கிடையாதுங்குறதால ஜனங்க ஒரு பேங்க்ல இருந்து இன்னொரு பேங்க்குக்கு லோனைத் தூக்கிட்டுப் போயிட்டு இருந்தாங்க, புது பேங்க் கணக்குல அது புது லோன். வீடு அதே வீடு, ஆளும் அதே ஆள். டாப்-அப் லோன் வேற, அதுல கல்யாணம் பண்ணியிருப்பாங்க. எட்டுப் பக்கமும் குப்பைக்குப் போச்சு. அந்தப் பெரியவர் அப்புறம் காபி வாங்கிக் குடுத்தார், அது வேற விஷயம்.

சம்பளம்?

ஐஇஎஸ்ல சேந்தா லெவல் 10, ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100, அதுக்கு மேல அலவன்ஸ். ஆர்பிஐ அதை விட நல்லாவே இருக்கும், மும்பைல குவார்ட்டர்ஸும் சேத்து. ஆராய்ச்சி நிறுவனம்னா முதல் ரெண்டு மூணு வருஷம் உங்க ஐடி ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி பில் வரும்போது ஃபோன் பாக்குற மாதிரி நடிக்க வேண்டியிருக்கும், ப்ராஜெக்ட் முடிஞ்சா கான்ட்ராக்ட் முடியும், அடுத்த ஃபண்டிங் வர்ற வரைக்கும் திக் திக். ரேட்டிங் கம்பெனி, பேங்க் ரிசர்ச் டீம் எல்லாம் பரவால்ல. எனக்கே வீட்டு லோன் கிடைச்சது ரேட்டிங் கம்பெனில இருந்தப்ப தான், கான்ட்ராக்ட்ல இருந்தப்ப ரெண்டு பேங்க்ல இல்லன்னுட்டாங்க.

இப்ப வீடு வாங்கலாமா, விலை எறங்குமா?

தெரியாதுங்க. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் எனக்கு மெசேஜ் போடாதீங்க.

இன்டர்வியூவுல என்ன கேப்பாங்க?

நான் இப்ப புதுசா எடுக்கும்போது ஒரே ஒரு டெஸ்ட் வைக்கிறேன். ஒரு ஹெச்எஃப்சியோட ஆண்டறிக்கையில இருந்து ரெண்டு பக்கம், ஒரு கால்குலேட்டர், நாப்பது நிமிஷம். இந்தக் கம்பெனி யாருக்குக் கடன் குடுக்குதுன்னு ஒரு பக்கம் எழுதுங்கன்னு சொல்லுவேன். நிறைய பேர் வாராக்கடன் எவ்வளவு, லாபம் எவ்வளவுன்னு எழுதிட்டு வந்துடுறாங்க. போன தடவை தேனியில இருந்து வந்த ஒரு பொண்ணு சராசரி லோன் சைஸைப் பாத்துட்டு, 9 லட்சம் தான் இருக்கு, இந்தப் பணத்துல சென்னையில ஃபிளாட் வாங்க முடியாது, ஆக சொந்த எடத்துல வீடு கட்டுறவங்களுக்குத் தான் குடுக்குறாங்க, சொந்த எடம் இருக்குன்னா பட்டா இருக்கு, அப்ப பட்டா இல்லாதவங்களுக்கு இந்தக் கம்பெனி கிடையாதுன்னு பென்சில்ல எழுதியிருந்தா. ஸ்பெல்லிங் மிஸ்டேக் நாலு இருந்துச்சு. அவ இப்ப எனக்கு ரெண்டு சீட் தள்ளி உக்காந்து மல்டிப்ளையர் போட்டுட்டு இருக்கா.